நட்சத்திர மீனுக்கு ரத்தம் உண்டா?

மீன் தூங்குமா என்று கேட்பார்கள். தூங்கும், இமை இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. மீனுக்குத் தாகம் எடுக்குமா? கடல் மீன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், ஆற்று மீன் அநேகமாகக் குடிப்பதே இல்லை. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? மூன்று. இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் தன் மனைவியைப் பார்த்து, "எனக்கு இருந்தது ஒண்ணுதான், அதையும் நீ எடுத்துக்கிட்ட" என்பார். ஒவ்வொருவரும் தான்தான் முதன்முதலாக இதைச் சொல்வதாக நினைப்பார். நானும் சிரித்து வைப்பேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

கடல் உயிரினக் காட்சிக்கூடத்தில் வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் 'விளக்குநர்' என்று போட்டிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அந்தப் பெயரை மதித்ததில்லை. ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் மூடாமல் பேசுகிறவளுக்கு அது பொருத்தமான பெயர்தான், நான் கோபித்துக்கொண்டதில்லை.

எனக்கென்று அங்கே ஓர் இடம் உண்டு. தொடும் தொட்டி. நீளமான, ஆழமில்லாத தொட்டி. உள்ளே நட்சத்திர மீன்கள், கடல் அட்டைகள், கடல் முள்ளெலிகள், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள், ஓரமாகச் சில பொடி மீன்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்தால் இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கலாம். நட்சத்திர மீனின் அடியில் உள்ளங்கையை நீட்டினால் அதன் குட்டிக் கால்கள் தோலை மெல்லப் பிடித்துக்கொள்ளும். அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள்கூட அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்தத் தொட்டியைப் பிடிக்கும் என்பதற்கு அதுதான் காரணம்.

என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை செய்கிறார். மீன்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் சுவருக்குப் பின்னால் இருக்கும் நோய்த்தொட்டியில் விட்டு மருந்து போட்டுக் குணப்படுத்துவது அவர் பொறுப்பு. எல்லாரும் டாக்டர் என்பார்கள். வீட்டில் கறிவேப்பிலையைக்கூட அளந்து போடுகிற மனிதர். நான் அரை நாள் பேசுவதை அவர் அரை வாக்கியத்தில் முடித்துவிடுவார், சில நாள் அதையும் பாதியில் விட்டுவிடுவார்.

அன்று காலை விளக்கைப் போட்டுவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். நட்சத்திர மீன்கள் மல்லாந்து கிடந்தன. கைகள் துவண்டு, ஒன்றின் கை தனியாகக் கழன்று போயிருந்தது. முள்ளெலிகளின் முட்கள் தரையில் உதிர்ந்து கிடந்தன. கடல் அட்டைகள் குடலை வெளியே தள்ளியிருந்தன. நண்டுகள் சங்கை விட்டுப் பாதி வெளியே வந்து அப்படியே நின்றுபோயிருந்தன. பொடி மீன்கள் மட்டும் எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. கையை விட்டு ஒரு நட்சத்திர மீனை ஏந்தினேன். அது என் தோலைப் பிடிக்கவில்லை. 

தண்ணீரைச் சோதித்ததும் செம்பு என்று தெரிந்துவிட்டது. அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும், செம்பு மீனுக்கு மருந்து, மற்றதுக்கெல்லாம் விஷம். மீனின் மேல் வெண்புள்ளி நோய் வந்தால் தண்ணீரில் செம்பு மருந்தை அளந்து விடுவார்கள். மீன் பிழைத்துக்கொள்ளும். அதே தண்ணீரில் நட்சத்திர மீன் இருந்தால் தீர்ந்தது. நட்சத்திர மீனுக்கு ரத்தம் உண்டா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வதுண்டு: ரத்தமே கிடையாது, கடல் தண்ணீர்தான் அதன் உடம்புக்குள் ஓடுகிறது. வெளியே இருக்கிற தண்ணீர்தான் அதற்கு உள்ளேயும். அதில் என்ன கலந்தாலும் தப்பிக்க வழியில்லை.

மேனேஜர் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். நேராகப் பின்னறைக்குப் போய்க் குழாய்களைப் பார்த்தார். தொடும் தொட்டிக்குத் தண்ணீர் வருகிற குழாயில் ஒரு பித்தளை வால்வு இருந்தது. போன மாதம் பிளாஸ்டிக் வால்வு உடைந்தபோது, புதியது வரும்வரை இருக்கட்டும் என்று குழாய் வேலை பார்க்கும் வாஷர் அண்ணன் மாட்டியது. அவர் சட்டைப் பையில் எப்போதும் பத்துப் பதினைந்து ரப்பர் வாஷர்கள் கிடக்கும், அதனால் அந்தப் பெயர். பித்தளை போடுகிறேன் என்று மேனேஜரிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"டாக்டர், பித்தளையில செம்பு இருக்கும்ல?" என்று மேனேஜர் கேட்டார்.

"இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். எல்லாரும் வாஷர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.  "நான்தான் மாட்டினேன்" என்றார். பிறகு தொட்டியருகே போய் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

தொட்டியைத் தார்பாயால் மூடினார்கள். மறுநாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். புது உயிரினங்கள் வந்ததும் தொட்டியைத் திறக்கப் போகிறார்கள், ஒரு சின்ன நிகழ்ச்சி, மைக்கில் பேச வேண்டியது நான்.

"பழசெல்லாம் என்னாச்சுன்னு ஜனங்க கேப்பாங்க. ஒரு பதில் தயார் பண்ணிக்கோ. சுருக்கமா இருக்கணும்."

"என்ன சொல்றது சார்?"

"உள்ளதைச் சொல்லு. குழாய் வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சு, அந்த ஆளை எடுத்துட்டோம், இனிமே நடக்காது."

"எடுத்துட்டீங்களா?"

"இந்த மாசக் கடைசியோட."

நானும் அந்தப் பதிலைத் தயார் செய்துகொண்டேன். தார்பாயைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்களிடம் சொல்லவும் சொன்னேன். மற்றப் பதில்களைப் போலவே இதுவும் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது. அப்போது எனக்கு அது உண்மை.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரருக்கு டீ எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவர் அங்கே இல்லை. நோய்த்தொட்டியில் வண்ணத்துப்பூச்சி மீன்கள் இருந்தன. உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெண்புள்ளிகள். அவற்றை அங்கே கொண்டுவந்தபோது செதிலில் ஒன்றிரண்டு புள்ளிதான் இருந்தது. தொடும் தொட்டி செத்ததற்கு முந்தின ராத்திரிதான் மருந்தின் முதல் அளவு போட வேண்டியிருந்தது. போட்டாயிற்று என்று பலகையில் அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மருந்து போட்ட தொட்டியில் நோய் குறையும். அதிகமாகாது. இது கூடியிருந்தது.

அப்படியென்றால் அன்றைக்கு அந்த மருந்து எங்கே போனது என்று நினைத்தேன். மருந்தைத் தொட்டியின் வடிகட்டிப் பெட்டியில்தான் ஊற்றுவார். நோய்த்தொட்டிக்கும் தொடும் தொட்டிக்கும் அந்தப் பெட்டிகள் அந்தச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. பித்தளை வால்வு ஒரு மாதமாக அங்கேயே இருந்ததும், முந்தின நாள் சாயங்காலம் வரை நட்சத்திர மீன்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று வீட்டில் நான் பாத்திரம் கழுவ, அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நட்சத்திர மீன் செத்ததுக்கு முந்தின ராத்திரி மருந்து போட்டீங்களா?"

"போட்டேன்."

"எதுல?"

துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தார். நான் குழாயை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது என் சுபாவம் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

"வடிகட்டிப் பெட்டி மூடி ரெண்டையும் கழுவிக் காய வெச்சிருந்தேன்" என்றார் கடைசியில். "திரும்ப மூடும்போது மாத்தி மூடிட்டேன் போல. சிவப்பு மூடின்னா நோய்த்தொட்டி, நீல மூடின்னா உன் தொட்டி. அதே பழக்கம். ராத்திரி சிவப்பைத் திறந்து ஊத்தினேன். மூடியைத்தான் பாத்தேன், பெட்டியைப் பாக்கல."

"எப்போ தெரிஞ்சுது?"

"உன் தொட்டியைப் பாத்தப்பவே."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் வால்வைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. பித்தளையில செம்பு இருக்குமான்னு கேட்டாங்க, இருக்கும்னேன். நான் பொய் சொல்லல."

"அந்த உண்மையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க" என்றேன்.  "ஒரு மனுஷனோட வேலை போகுது. உங்களுக்குப் பதிலா அவர் போறார்."

"நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்குச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. நோய்த்தொட்டிக்கு மட்டும் சத்தமில்லாமல் சரியாக மருந்து போட்டார், வெண்புள்ளி குறையத் தொடங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டில் நான் பேசுவதை நிறுத்தினேன். அவருக்கு அது தண்டனை என்று நினைத்தேன். அமைதியில் பழகிய மனிதருக்கு அது ஒரு வசதியாகக்கூட இருந்திருக்கும்.

நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். மேனேஜர் அறைக் கதவுவரை ஒருமுறை போய்விட்டுத் திரும்பினேன். நான் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது, அவர் சொன்னால்தான் ஒப்புக்கொள்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்தது. உள்ளே இருந்தது பயம்தான். அந்த மனிதரை எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது, அதை என் கையாலேயே உடைக்க மனசு வரவில்லை.

அந்த நாட்களில் வாஷர் அண்ணன் கட்டிடம் முழுக்கப் பித்தளையைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. வாளிக் கைப்பிடி, பழைய ஆணி, கழிப்பறைத் தாழ்ப்பாள் வரை கழற்றி ஒரு பையில் சேர்த்தார். தாழ்ப்பாளில் என்ன இருக்கிறது அண்ணே என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் தங்கச்சி, நான் போனப்புறம் யாரும் இதால கஷ்டப்படக் கூடாது" என்றார்.

ஒரு நாள் தார்பாயைத் தூக்கிக் காலித் தொட்டியை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல், பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உனக்கு இதெல்லாம் தெரியும். அதுங்களுக்கு வலிச்சிருக்குமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நட்சத்திர மீனுக்கு நம்மைப் போல மூளை கிடையாது, உடம்பு முழுக்க நரம்புகள் உண்டு, நமக்கு வலிக்கிற மாதிரி அதற்கு வலிக்குமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இதுதான் என் பதில். பாதி சொன்னேன். மீதி வரவில்லை.

"தெரியலண்ணே" என்றேன்.

"ராத்திரி அதுதான் ஞாபகம் வருது" என்றார். "எம்பொண்ணு கேட்டா. ஆமாம்மா, அப்பா தப்பு பண்ணிட்டேன், அதுங்க செத்துப்போச்சுன்னு சொன்னேன். அவ என் பக்கத்துல வந்து படுக்க மாட்டேங்கறா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. துணியைப் பிழிந்தேன், திரும்பவும் தொட்டியைத் துடைத்தேன், அவர் போய்விட்டார்.

திறப்பு நிகழ்ச்சிக்குக் கூட்டம் அதிகம். புது நட்சத்திர மீன்கள் ஆரஞ்சு நிறம், பழையவற்றைவிடப் பெரியவை. வாஷர் அண்ணனுக்கு அது கடைசி வாரம். தண்ணீர் ஒழுகினால் கைகாவலாக இருக்கட்டும் என்று அவரையும் ஒரு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு நடுவே, வேலைச் சீருடையோடு, வந்தவர்களில் ஒருவர் போல நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் பேசினேன். கேள்விகள் வந்தன. நட்சத்திர மீன் மீனா? இல்லை. நண்டு ரத்தம் ஏன் நீலம்? அதில் செம்பு இருப்பதால். அப்படியென்றால் செம்பு எப்படி அதைக் கொல்லும்? உடம்பு எடுத்துக்கொள்வதற்கும் ஓர் அளவு உண்டு, மிஞ்சினால் விஷம். பழையதெல்லாம் என்னாச்சு என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"குழாய்ல ஒரு பித்தளை வால்வு இருந்தது" என்று ஆரம்பித்தேன். மூலையில் வாஷர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு கேள்வி" என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. என் வீட்டுக்காரர். கையை வேறு உயர்த்தியிருந்தார். "பித்தளை வால்வுல இருந்து ஒரே ராத்திரியில அவ்வளவு செம்பு இறங்குமா?"

ஊழியரே கேள்வி கேட்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல முடியாத மனிதர், கேள்வியாக மாற்றி என் தலையில் கட்டுகிறார். எனக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் முன்னால் நான் மறைக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தி அவர் கற்றுக்கொண்டது இது.

"இறங்காது" என்றேன். "பித்தளை கொஞ்சங்கொஞ்சமாத்தான் விடும். அந்த வால்வு ஒரு மாசமா இருந்துச்சு. ஒரே ராத்திரியில எல்லாம் சாகணும்னா யாராவது மருந்தை ஊத்தியிருக்கணும்."

"அப்போ யார் ஊத்தினது?" என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்.

மேனேஜர் போதும் என்று கையைக் காட்டினார். நான் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய் மைக்கை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் நீட்டிய கையை இறக்கவில்லை. கூட்டம் சளசளவென்று பேச ஆரம்பித்துவிட்டது, ஒருவர் நட்சத்திர மீனைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாங்கினார்.

"நான்தான்" என்றார். "மூடி மாறிப்போச்சு. மருந்தை மாத்தி ஊத்திட்டேன். குழாய்க்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல."

பாதிப் பேர் காதில் அது விழவேயில்லை. விழ வேண்டியவர்கள் காதில் விழுந்தது.

நோய்த்தொட்டியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். கண்ணாடி துடைக்கிற வேலை கொடுத்தார்கள். அதையாவது கொடுத்தார்களே என்று வாங்கிக்கொண்டார். இப்போது யாரும் டாக்டர் என்பதில்லை. வாஷர் அண்ணனைப் போகச் சொல்லவில்லை. மேனேஜர் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள், நான் நம்பவில்லை.

நிகழ்ச்சி முடிந்து, ஈரத் துண்டுகளை நான் வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது வாஷர் அண்ணன் வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எனக்கு நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அதை எப்படி வாங்கிக்கொள்வது என்றுகூட யோசித்தேன்.

"நான்தான் கொன்னேன்னு நம்பிட்டேன் தங்கச்சி" என்றார். "முழுசா நம்பிட்டேன். இன்னிக்குப் போய் எம்பொண்ணுகிட்டச் சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

தலையாட்டினார். போகவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். மைக்கைப் பிடித்தபோதுதான் தெரிந்தது என்றிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். எனக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

"நீங்க வலிக்குமான்னு கேட்டீங்களே. அதுக்கு முன்னாடியே தெரியும்."

 கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையில் இருந்த வாளியைப் பார்த்தார். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வெளியே போனார்.

அடுத்த வாரம் தொடும் தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் ஒழுகியது. வந்து படுத்துக்கொண்டு சரிசெய்தார். நான் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எப்போதும் அப்படித்தான் நிற்பேன். வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்" என்றார். "கீழ ஈரமா இருக்கு."